மூப்பெய்தும் சிறுநீரகம்: எண்ணும் கசிவும்

மனித உடலின் எடையில் அரை விழுக்காடுகூட இல்லாத இரண்டு சிறுநீரகங்களும், இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தமக்கென வாங்கிக்கொண்டு, நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் ஒன்றரை அல்லது இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றிவிட்டு எஞ்சியதை இரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. இந்தப் பணியைச் செய்பவை நெஃப்ரான்கள் எனப்படும் நுண்ணிய வடிகட்டி அலகுகள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பகுதியிலும் குளோமெருலஸ் என்னும் நுண்குழாய் முடிச்சு ஒன்று உண்டு. வடிகட்டுதல் நடைபெறும் இடம் அதுவே. நெஃப்ரான்கள் யாவும் கருப்பையிலேயே, ஏறத்தாழ 36ஆம் வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகின்றன. பிறந்த பின் புதிதாக ஒன்றும் தோன்றுவதில்லை என்பதால், சிறுநீரகத்தின் மூப்பு என்பது பெருமளவுக்கு இந்தக் கைமுதல் குறைந்துகொண்டே போவதுதான்.

அது எவ்வளவு குறைகிறது என்பதை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் 2017இல் தெளிவாகக் காட்டினார்கள். பிறருக்குச் சிறுநீரகம் தானம் செய்ய முன்வந்த, கடும் சோதனைகளுக்குப் பின் உடல்நலம் உள்ளவர்கள் எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட 1,638 பேரின் ஸ்கேன் படங்களையும் திசுத் துணுக்குகளையும் கொண்டு கணக்கிட்டபோது, 18 முதல் 29 வயதினரின் ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 9,90,000 நல்ல குளோமெருலஸ்கள் இருந்தன. 70 முதல் 75 வயதினரிடம் அந்த எண்ணிக்கை சுமார் 5,20,000 ஆகச் சுருங்கியிருந்தது. நீரிழிவோ முற்றிய நோயோ இல்லாதவர்களிடம்கூட ஏறத்தாழ பாதி போய்விட்டது என்பதே இதன் பொருள். சிறு தமனிகளின் சுவர் தடித்து, அவற்றால் ஊட்டம் பெற்ற முடிச்சுகள் தழும்பாக இறுகி, காலப்போக்கில் தடமின்றிக் கரைந்துவிடுகின்றன. இதோடு, வடித்த நீரை இரத்தத்துக்குத் திருப்பும் நெஃப்ரானின் நுண்குழல்களின் திறனும் மங்குவதால், முதியவரின் சிறுநீரகத்தால் தேவையானபோது சிறுநீரைச் செறிவாக்கி நீரைச் சேமிக்க முடிவதில்லை. இரவில் பலமுறை எழவேண்டியிருப்பதற்கும், டெக்சாஸின் ஜூலை வெயிலில் ஒரு நாள் வயிற்றுப்போக்கிலேயே முதியவர் துவண்டுபோவதற்கும் இது ஒரு காரணம்.

ஆனால் இந்தத் தேய்வு எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. 1958இல் தொடங்கிய பால்டிமோர் முதுமை ஆய்வில், சிறுநீரக நோயோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத 254 ஆண்களைப் பல்லாண்டுகள் மீண்டும் மீண்டும் அளந்து 1985இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வடிகட்டும் வேகம் சராசரியாக ஆண்டுக்கு நிமிடத்துக்கு 0.75 மில்லிலிட்டர் குறைந்தது. ஆயினும் அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது குறையவே இல்லை. சராசரியை எல்லோருக்குமான விதியாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு இந்த ஆய்வு அன்றே போட்ட முட்டுக்கட்டையை மருத்துவ உலகம் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்றே சொல்லவேண்டும்.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் பலர் தம் சிறுநீரகங்களைப் பற்றி முதன்முதலாக எண்ணிப்பார்ப்பது, ஆண்டுப் பரிசோதனை முடிந்த சில மணி நேரத்தில், மருத்துவர் அழைப்பதற்கு முன்பே, கைபேசியில் வந்துசேரும் ஆய்வக அறிக்கையில் ‘இ-ஜி.எஃப்.ஆர்.’ என்ற வரி சிவப்பில் தெரியும்போதுதான். சிறுநீரகங்கள் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் பிளாஸ்மாவை வடிகட்டுகின்றன என்பதன் மதிப்பீடு அது. அது நேரடியாக அளக்கப்பட்ட எண் அல்ல. தசைகளிலிருந்து உண்டாகும் கிரியாட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் எவ்வளவு தேங்கியுள்ளது என்று பார்த்து, வயதையும் பாலினத்தையும் சேர்த்து ஒரு சமன்பாட்டில் இட்டுப் பெறும் ஊகம். நோயாளியின் இனத்தையும் கணக்கில் சேர்த்துவந்த பழைய சமன்பாட்டை அமெரிக்கா 2021இல் கைவிட்டது. ஆனால் தசையைச் சார்ந்திருக்கும் குறை அப்படியே நீடிக்கிறது.

இந்தக் குறை தமிழர்களை இருபுறமும் தாக்குகிறது. மெலிந்த தசையும் சைவ உணவுப் பழக்கமும் கொண்ட எழுபது வயதுப் பெண்மணியின் உடலில் கிரியாட்டினின் குறைவாகவே உற்பத்தியாவதால், அவருடைய சிறுநீரகம் உண்மையில் தளர்ந்திருந்தாலும் அறிக்கை நல்ல எண்ணையே காட்டக்கூடும். மறுபுறம், உடற்பயிற்சிக் கூடத்தில் தசையை வளர்த்து, கிரியேட்டின் பொடியும் உட்கொள்ளும் முப்பது வயது மென்பொருள் பொறியாளரின் கிரியாட்டினின் உயர்ந்து, இல்லாத நோய்க்கு அவரைக் கலங்கவைக்கலாம். சோதனைக்கு முந்தைய இரவு உண்ட ஆட்டுக்கறிகூட எண்ணைச் சற்றே மாற்றும். ஐயம் எழும் இடங்களில், ஏறத்தாழ எல்லா உயிரணுக்களும் உற்பத்தி செய்வதும் தசையை அவ்வளவாகச் சாராததுமான சிஸ்டாட்டின்-சி என்ற புரதத்தை அளந்து இரண்டையும் சேர்த்துக் கணிக்கவேண்டும் என்று 2024ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது. கேட்டால் பெரும்பாலான அமெரிக்க ஆய்வகங்களில் இந்தச் சோதனை கிடைக்கும், கேட்காமல் வருவதில்லை.

இ-ஜி.எஃப்.ஆர். எண்ணை எப்படிப் பொருள்கொள்வது என்பதிலும் வழக்கு உண்டு. 2002இல் அமெரிக்கச் சிறுநீரக வல்லுநர்கள் வகுத்த வரையறைப்படி, மூன்று மாதங்களுக்கு மேல் அது 60க்குக் கீழே நிற்கும் எவருக்கும் நாள்பட்ட சிறுநீரக நோய் உண்டு. வயது வேறுபாடு இதில் இல்லை. இளமையில் நூறுக்கு மேல் இருந்த எண், எண்பது வயதில் 55 ஆக இருப்பது நோயா, நரையைப் போன்ற இயல்பான மூப்பா என்ற கேள்வியை எழுப்பிய ஐரோப்பிய ஆய்வாளர் சிலர், 65 வயதைக் கடந்தவர்களுக்கு எல்லைக்கோட்டை 45 எனத் தாழ்த்தவேண்டும் என்று வாதிடுகின்றனர். எதிர்த்தரப்போ, மருந்தின் அளவைத் தீர்மானிக்கவும் திடீர்ப் பாதிப்புகளைத் தவிர்க்கவும் அந்த எச்சரிக்கை முதியவருக்கும் தேவை என்கிறது. இரண்டிலும் நியாயம் உண்டு. எனினும் அறிக்கையில் 57 என்று கண்ட மாத்திரத்தில் பருப்பையும் பழத்தையும் நிறுத்திவிட்டு டயாலிசிஸை நினைத்து உறக்கம் இழக்கும் முதியவர்களுக்கு, முதல் தரப்பின் வாதமே பெரிதும் உதவும்.

மூப்பையும் நோயையும் பிரித்துக் காட்டுவதில் இ-ஜி.எஃப்.ஆரைக் காட்டிலும் கூர்மையான சான்று சிறுநீரில் இருக்கிறது. குளோமெருலஸின் வெளிப்புறத்தைப் போடோசைட் என்னும் உயிரணுக்கள் விரல் கோத்தாற்போலப் போர்த்தி நின்று, இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் வெளியேறாமல் தடுக்கின்றன. இவை பிளந்து பெருகும் ஆற்றல் அற்றவை, உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். அவை குறையும்போது ஆல்புமின் கசியத் தொடங்குகிறது. சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் இருப்பது, மீண்டும் சோதித்தும் அப்படியே இருக்குமானால், வயதின் கணக்கில் எழுதிவிடக்கூடியது அல்ல. 300ஐத் தாண்டினால் நிலைமை தீவிரமானது. காலை முதல் சிறுநீரில் செய்யப்படும் இந்த எளிய, மலிவான சோதனை நீரிழிவு உள்ளவர்களில்கூடப் பலருக்கு ஆண்டுதோறும் செய்யப்படுவதில்லை. இ-ஜி.எஃப்.ஆர். வழக்கமான இரத்தப் பரிசோதனையோடு தானாக வந்துவிடுகிறது. ஆல்புமின் சோதனையை மருத்துவர் தனியே எழுதவேண்டும். இந்தச் சிறிய நிர்வாகக் குறைபாட்டால் தவறவிடப்படும் ஆண்டுகள் ஏராளம்.

கசிவு ஏன் தொடங்குகிறது என்பதற்குப் பாஸ்டனைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் பேரி பிரென்னரும் அவர் குழுவினரும் 1980களில் அளித்த விளக்கம் இன்றைய மருத்துவத்தின் அடித்தளமாக உள்ளது. கூட்டுக்குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஒவ்வொருவராகக் குறையக் குறைய எஞ்சியவர்மீது சுமை ஏறுவதைப்போல, நெஃப்ரான்கள் அழியும்போது மீந்தவை கூடுதல் அழுத்தத்தில் கூடுதலாக வடிகட்டுகின்றன. சில காலம் மொத்தக் கணக்கு குறையாமல் தோன்றும். ஆனால் அந்த மிகை அழுத்தமே மீந்தவற்றையும் தழும்பாக்குகிறது. 1988இல் பிரென்னர் இந்த வாதத்தைக் கருப்பை வரை நீட்டினார்: எடை குறைந்து பிறந்த குழந்தை குறைந்த நெஃப்ரான்களோடு பிறக்கிறது, ஆகவே பிற்காலத்தில் உயர் இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் எளிதில் ஆளாகிறது என்றார். தாய்மாருக்குப் போதிய ஊட்டம் கிட்டாத காலத்துத் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறந்து, பின்னாளில் அமெரிக்காவின் உணவும் நாற்காலி வேலையும் சேர்த்துத்தந்த எடையோடு வாழும் தலைமுறைக்கு இது வெறும் ஏட்டுக் கருத்தன்று.

அந்தத் தலைமுறையைப் பற்றிய சான்றுகளைச் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் திரட்டியது ‘மசாலா’ என்ற சுருக்கப்பெயர் கொண்ட ஆய்வு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவ வளாகமும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் இணைந்து 2010 முதல் 2013 வரை 906 தெற்காசியரைச் சேர்த்தன. பிற இனத்தவரோடு ஒப்பிட்டு 2014இல் வெளியான கணக்கில், தெற்காசியரில் 23 விழுக்காட்டினருக்கும் வெள்ளையரில் 6 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. உடல் நிறைக் குறியீடு 23ஐத் தொட்டாலே ஆசிய அமெரிக்கர்களுக்கு நீரிழிவுச் சோதனை செய்யவேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015இல் வரம்பைத் தாழ்த்தியது இத்தகைய சான்றுகளால்தான். சிறுநீரகத்தின் மூப்பை விரைவுபடுத்தும் காரணங்களில் நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் நிகரானவை வேறில்லை. அமெரிக்காவில் வயதுவந்தவர்களில் ஏழில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதாகவும், அவர்களில் பத்தில் ஒன்பது பேர் அதை அறியாமலிருப்பதாகவும் அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையம் மதிப்பிடுகிறது.

தேய்வை மெதுவாக்கும் வழிகளில் மெய்ப்பிக்கப்பட்டவற்றுக்கும் நியூ ஜெர்சிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சு இரத்த அழுத்தத்தைச் சரியவைப்பதை ஆராய்ந்து, பிரின்ஸ்டன் அருகே ஸ்குவிப் நிறுவனத்தின் ஆய்வகத்தில் குஷ்மன், ஒண்டெட்டி ஆகிய இருவரும் 1970களில் உருவாக்கிய மருந்தே கேப்டோப்ரில். குளோமெருலஸிலிருந்து இரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தி உள்ளழுத்தத்தைக் குறைக்கும் அதன் இயல்பு, பிரென்னரின் கருத்துக்கு ஏற்ற மருந்தாக அதை ஆக்கியது. இளம் வயதில் வரும் முதல் வகை நீரிழிவினரின் சிறுநீரகத்தை அது காப்பதை 1993இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பரவலான இரண்டாம் வகைக்கு லொசார்ட்டன், இர்பிசார்ட்டன் என்ற மருந்துகள் அதே பயனைத் தருவது 2001இல் உறுதியாயிற்று. தமிழ் வீடுகளின் மாத்திரைப் பெட்டியில் ‘பிரஷர் மாத்திரை’ என்று மட்டும் அறியப்படும் டெல்மிசார்ட்டனும் இவ்வினத்தைச் சேர்ந்ததுதான்.

இரண்டாவது மருந்தினத்தின் கதை ஆப்பிள் மரப்பட்டையில் தொடங்குகிறது. 1835இல் அப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃபுளோரிசின் என்ற பொருள் சிறுநீரில் சர்க்கரையை வெளியேறச் செய்வது அந்நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தாலும், அதன் வழியில் உருவான எஸ்.ஜி.எல்.டி.-2 தடுப்பான்கள் மருந்துக்கடைக்கு வர ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. நியூ ப்ரன்ஸ்விக்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் இவ்வின மருந்தான கேனாக்ளிஃப்ளோசின், நீரிழிவினரிடையே சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட பெரும்பாதிப்புகளை 30 விழுக்காடு குறைத்ததை 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டு இவ்வினத்தின் மற்றொரு மருந்தான டாப்பாக்ளிஃப்ளோசின், நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பயன்படுவதை மெய்ப்பித்தது. சர்க்கரைக்காக வந்த மருந்து சர்க்கரை இல்லாதவரின் சிறுநீரகத்தையும் காப்பது, வடிகட்டி முடிச்சின் அழுத்தமே மையக் காரணம் என்பதற்கு மேலும் ஒரு சான்றாகும். எடைக் குறைப்புக்காகப் பெயர்பெற்ற செமாக்ளுடைடும், சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நீரிழிவினருக்குப் பயன்தருவது 2024இல் உறுதியாகி, அடுத்த ஆண்டு சனவரியில் அமெரிக்க ஒப்புதலைப் பெற்றது.

மேற்சொன்ன முதல் இரண்டு மருந்தினங்களைத் தொடங்கும்போது நிகழும் ஒன்றை நோயாளிகள் முன்னரே அறிந்திருக்கவேண்டும். உள்ளழுத்தம் குறைவதால், முதல் சில வாரங்களில் கிரியாட்டினின் சற்று உயரும். 30 விழுக்காடு வரையிலான உயர்வை மருத்துவர்கள் எதிர்பார்த்தே இருப்பார்கள். இதைக் கண்டு, மருந்துதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று தாமாக நிறுத்திவிடுபவர்கள் தமக்குக் கிடைத்த சிறந்த பாதுகாப்பைத் தாமே உதறுகிறார்கள். வேறொரு எச்சரிக்கையும் உண்டு: எஸ்.ஜி.எல்.டி.-2 தடுப்பான் உட்கொள்பவர் நீண்ட பட்டினி கிடந்தால், இரத்தத்தில் சர்க்கரை அவ்வளவு ஏறாமலே கீட்டோன் அமிலம் தேங்கும் ஆபத்து நேரலாம். ஆகவே கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்க விரும்புபவர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. விலையைப் பொறுத்தவரை, இந்தியாவில் 2020இல் காப்புரிமை முடிந்தபின் டாப்பாக்ளிஃப்ளோசின் மலிவாகிவிட்டது. அமெரிக்காவில் காப்பீடு இல்லாதவருக்கு இவ்வின மருந்துகளின் வணிகப்பெயர் மாத்திரைகள் மாதம் பல நூறு டாலர் வரை ஆகிவந்தன.

மருந்துக்கு நிகராக முக்கியமானது, கெடுதி செய்வதை விலக்குவது. அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில் ஐந்நூறு மாத்திரைகள் கொண்ட புட்டிகளாக மருந்துச்சீட்டின்றி விற்கும் ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸன் ஆகிய வலிநிவாரணிகள் குளோமெருலஸுக்குள் நுழையும் இரத்தக்குழாயைச் சுருக்குகின்றன. மூட்டுவலிக்காக முதியவர் இவற்றை நாள்தோறும் விழுங்கி, கூடவே மேற்சொன்ன பிரஷர் மாத்திரையையும் நீர்பிரிப்பு மாத்திரையையும் எடுத்துக்கொண்டால், மூன்றும் சேர்ந்து சில நாள்களிலேயே சிறுநீரகத்தை முடக்கக்கூடும். ஊரிலிருந்து வரும் லேகியமும் பஸ்பமும் இயற்கையானவை, ஆகையால் தீங்கற்றவை என்ற நம்பிக்கையும் ஆராயத்தக்கது: பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றாவது இருந்ததாக 2004இல் அறிவிக்கப்பட்டது. ஈயமும் பாதரசமும் சிறுநீரகத்தின் நுண்குழல்களை நேரடியாகத் தாக்குபவை. வாழைத்தண்டுச் சாறும் பார்லிக் கஞ்சியும் இவ்வளவு கெடுதல் இல்லாதவை. ஆனால் நெஃப்ரான் இழப்பை அவை தடுப்பதாகச் சான்று இல்லை. நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் கழுவப்பட்டுவிடும் என்ற எண்ணமும் சோதிக்கப்பட்டது. 2018இல் கனடாவில் நாள்பட்ட நோயாளிகளைக் கூடுதலாக நீர் அருந்தச்செய்து ஓராண்டு கவனித்ததில், தேய்வின் வேகம் மாறவில்லை. கல் உண்டாகும் இயல்புடையவர்க்கு மட்டும் மிகுதியான நீர் உண்மையான மருந்து.

உணவில் உப்பே முதன்மையானது. நாளுக்கு ஐந்து கிராம் போதும் என்ற வரம்பை ஊறுகாயும் அப்பளமும் வடகமும் கருவாடும் வெகு எளிதில் உடைத்துவிடுகின்றன. அமெரிக்க ரொட்டியும் பீட்சாவும் அதற்குக் குறைந்தவை அல்ல. உப்புக்கு மாற்றாக விற்கும் பொட்டாசியம் கலந்த உப்பு நலமுள்ளவர்களுக்கு ஏற்றதே ஆயினும், சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்தவர்க்கு இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். புரதத்தைப் பற்றிய அறிவுரை வீட்டுக்குவீடு தலைகீழாகச் சென்றுசேர்கிறது. நோயுள்ளவர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும், 1.3ஐத் தாண்டக்கூடாது என்பதே வழிகாட்டுதல். ஆனால் புரதப் பொடியைக் குறைக்கவேண்டிய மகன் குறைப்பதில்லை, ஏற்கெனவே இட்லியும் ரசமுமாக உண்டு தசை கரைந்துவரும் தாய் பருப்பை விட்டுவிடுகிறார்.

சிறுநீரகத் தேய்வில் உணவின் பாஸ்பேட்டுக்கு உள்ள பங்கு அண்மைக் காலத்தில்தான் தெளிவாகிறது. அதற்கான தடயம் எலிகளில் கிடைத்தது. 1997இல் ஜப்பானில் மக்கோட்டோ குரோ-ஓ என்ற ஆய்வாளர், ஒரு மரபணு பழுதுபட்ட எலிகள் சில வாரங்களிலேயே தமனி இறுகி, எலும்பு மெலிந்து, கிழடுதட்டி மடிவதைக் கண்டு, அந்த மரபணுவுக்கு உயிர்நூல் நூற்கும் கிரேக்கத் தேவதையின் பெயரால் குளோத்தோ என்று பெயரிட்டார். பின்னர் அவர் பணியாற்றிய டாலஸ் நகரின் டெக்சாஸ் பல்கலைக்கழகத் தென்மேற்கு மருத்துவ மையத்தில், இப்புரதம் மிகுதியாகச் சுரக்கும் எலிகள் நெடுநாள் வாழ்வது 2005இல் காட்டப்பட்டது. குளோத்தோ பெருமளவில் உருவாகும் இடம் சிறுநீரகமே; அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று மிகை பாஸ்பேட்டை வெளியேற்றுவது. சிறுநீரகம் தளரத் தளரக் குளோத்தோ குறைகிறது, பாஸ்பேட் தேங்குகிறது, தமனிகள் சுண்ணமேறி இறுகுகின்றன. குளோத்தோவை மருந்தாகத் தரும் நாள் இன்னும் வரவில்லை. பருப்பிலும் முழுத்தானியத்திலும் உள்ள பாஸ்பேட்டில் ஒரு பகுதியே உடலில் சேர்கிறது. பதப்படுத்திய இறைச்சியிலும் கோலா பானத்திலும் சேர்க்கப்படும் வேதிப் பாஸ்பேட் ஏறத்தாழ முழுமையாகச் சேர்ந்துவிடுகிறது. பொட்டலத்தின் பின்புறப் பட்டியலில் ‘பாஸ்பேட்’ என்று முடியும் பெயர்களைத் தேடிப் பார்ப்பது பயனுள்ள பழக்கம்.

சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தால் என்ன என்பது, பெற்றோரை அழைத்துவரும் குடும்பங்களுக்கு மருத்துவக் கேள்வியாக மட்டும் நிற்பதில்லை. 1972இல் இயற்றப்பட்ட சட்டத்தால், 1973 சூலை முதல் அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டம் எவ்வயதினருக்கும் டயாலிசிஸ் செலவை ஏற்கிறது. வேறெந்த உறுப்பின் நோய்க்கும் இப்படியொரு பரந்த உரிமை அன்று தரப்படவில்லை. ஆனால் அது உழைத்து வரி செலுத்தியவருக்கும் அவரது துணைக்கும் அவரைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் உரியது. மகனின் கணக்கில் தாய் தந்தையர் சேரமாட்டார்கள். கிரீன் கார்டு பெற்ற, 65 வயது கடந்த பெற்றோர் ஐந்தாண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தபின் மெடிகேரை விலைகொடுத்து வாங்கலாம். சுற்றுலா விசாவில் ஆறு மாதம் வருபவருக்கு அதுவும் இல்லை, பயணக் காப்பீடுகளோ முன்பே உள்ள நோயைப் பெரும்பாலும் விலக்கிவிடுகின்றன. எடிசனுக்கோ ஃப்ரீமாண்டுக்கோ ஃபிரிஸ்கோவுக்கோ புறப்படுமுன் ஊரிலேயே கிரியாட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் பார்த்து, பழைய அறிக்கைகளையும் கையில் கொண்டுவருவது இதனால்தான் இன்றியமையாததாகிறது. ஒற்றை இ-ஜி.எஃப்.ஆர். எண்ணைவிட, அது ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் இறங்குகிறதா என்னும் சரிவே மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

மிக முதியவர்களுக்கு டயாலிசிஸ் தொடங்குவதா என்பது இன்னும் கடினமான முடிவு. பாலோ ஆல்ட்டோவில் பணிபுரியும் ஸ்டான்ஃபோர்டு சிறுநீரக மருத்துவர் மஞ்சுளா குரெல்லா தமுரா தலைமையில் 2009இல் வெளியான ஆய்வு, முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தபடி டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைத் தொடர்ந்து பார்த்தது. ஓராண்டுக்குள் அவர்களில் 58 விழுக்காட்டினர் இறந்துவிட்டனர். தொடங்குமுன் இருந்த இயங்கும் திறனை இழக்காமலிருந்தவர்கள் 13 விழுக்காடே. இவர்கள் ஏற்கெனவே மிகவும் நலிந்தவர்கள் என்பதால், தம் காலில் நடமாடும் எழுபத்தைந்து வயதினருக்கு இக்கணக்கு பொருந்தாது. டயாலிசிஸோடு நல்லபடியாகப் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. ஆயினும் வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் என்ற அந்த வாழ்க்கைக்கு மாற்றாக, மருந்துகளாலும் உணவாலும் மூச்சுத்திணறலையும் வீக்கத்தையும் அரிப்பையும் தணித்து, இயந்திரமின்றியே கவனித்துக்கொள்ளும் சிகிச்சை முறை ஒன்றை இன்று பல அமெரிக்கச் சிறுநீரக மருத்துவமனைகள் வழங்குகின்றன. அதைப் பற்றிய பேச்சு பெற்றோர் தெளிவாகப் பேசும் நிலையில் உள்ளபோதே, அவர்களையும் உடன் வைத்துக்கொண்டு, அவர்களுக்குப் புரியும் தமிழில் நடைபெறவேண்டும். மருத்துவமனைகள் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும் என்பதால், அந்தக் கடினமான சொற்களை மகனோ மகளோ தம் வாயால் சொல்லவேண்டிய கட்டாயம்கூட இல்லை.